இரைப்பையை சின்னதாக்கியாச்சு... அப்புறம்?

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. மொக்கை இல்லை, சீரியஸ் மேட்டர். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க. (இரும்புச்சத்து மாத்திரை இப்பதான் போட்டீங்கன்னா மட்டும் டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைங்க. ஏன்னு கீழே வரும் :-))

உடம்பு இளைக்க ஆபரேஷன் பண்ணிக்கிறதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்னு ஒரு காலத்துல நினைச்சோம். நிதின் கட்கரி 2011-ல பண்ணிக்கிட்டார், அருண் ஜெட்லி 2014-ல பண்ணிக்கிட்டார்னு பேப்பர்ல படிச்சதோட சரி. இப்ப அப்படி இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஷிப்ட் பார்க்கிறவர், திருவள்ளூர் காக்களூர் எஸ்டேட்ல கணக்கு எழுதுறவங்க, பொன்னேரி டீச்சர்னு நமக்குத் தெரிஞ்ச வட்டத்துக்குள்ளயே வந்துடுச்சு. வரட்டும், தப்பில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு (அதாங்க, 5வது சுற்று) தமிழ்நாட்டுல 15 - 49 வயசுப் பெண்கள்ல 40.4 சதவீதம் பேர், ஆண்கள்ல 37 சதவீதம் பேர் அதிக எடைன்னு சொல்லுது. அதே ஆய்வுல அதே வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. உடம்பு பெருத்திருக்கு, ரத்தத்துல இரும்பு இல்லை. ஆபரேஷன் டேபிள்ல ஏறும்போதே பலர் பத்தாக்குறையோடதான் ஏறுறாங்க. இந்தப் பதிவுக்கு அதுதான் ஆரம்பம்.

முதல்லயே ஒண்ணு தெளிவுபடுத்திடறேன். நான் இந்த அறுவை சிகிச்சைக்கு எதிரி இல்லை. "வாயைக் கட்டினா போதாதா, வயித்தை ஏன் வெட்டணும்"னு திண்ணையில உக்காந்து தத்துவம் பேசுற கோஷ்டியில நான் இல்லை. 110, 120 கிலோவுல சர்க்கரையும் மூட்டு வலியும் தூக்கத்துல மூச்சடைப்பும் சேர்ந்து இருக்கிறவங்களுக்கு இது அழகு சிகிச்சை இல்லைங்க, உயிர் காக்குற சிகிச்சை. கொழுப்பை உறிஞ்சி எடுக்குற லைப்போசக்ஷனையும் இதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பறதை நாம முதல்ல நிறுத்தணும்.

என் கோபம் வேற இடத்துல. ஆபரேஷனை விக்கிறாங்க, அதுக்கு அப்புறம் வாழ்நாள் முழுக்க இருக்கிற பராமரிப்பை யாரும் சொல்லித் தர்றதில்லை. ஃபேக்டரியில ஒரு மெஷின் வாங்கினா ஏஎம்சி போடாம பர்ச்சேஸ் ஆர்டர்ல கையெழுத்து போடுவாங்களா? மெஷினுக்கு இருக்கிற மரியாதை மனுஷனோட குடலுக்கு இல்லை.

2024 ஏப்ரல்ல சென்னை பம்மல்ல ஒரு தனியார் மருத்துவமனையில எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருத்தர் உயிரிழந்தார். வயசு 26. அரசு விசாரணைக் குழு போட்டது, மருத்துவமனையோட உரிமத்தைத் தற்காலிகமா நிறுத்தி வெச்சது. கொடுமையான விஷயம், விசாரிக்க வேண்டியதுதான். ஆனா தேர்ந்த கைகள்ல இந்த ஆபரேஷன்ல இறப்பு ஆயிரத்துல ஒருத்தர் என்ற அளவுலதான் இருக்கு. டேபிள்ல போற உயிர் தலைப்புச் செய்தி ஆகுது. நாலு வருஷம் கழிச்சு கால் மரத்துப் போறது, அம்பது வயசுல இடுப்பெலும்பு உடையறது, இதெல்லாம் எந்த டிவியிலயும் வராது. அதனாலதான் இந்தப் பதிவு.

உள்ளே என்னதான் பண்றாங்க?

சுருக்கமா சொல்றேன். நம்மூர்ல அதிகம் நடக்கிறது ரெண்டு வகை. ஒண்ணு ஸ்லீவ். இரைப்பையில முக்கால் பாகத்துக்கும் மேல வெட்டி எடுத்துட்டு, மீதியை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயா விட்டுடுவாங்க. இன்னொண்ணு பைபாஸ். இரைப்பையோட மேல் நுனியில சுமார் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பை மட்டும் பிரிச்சு, அதை நேரா சிறுகுடலோட கீழ்ப் பகுதியில இணைச்சுடுவாங்க. சாப்பாடு முன்சிறுகுடலைத் தொடாமலே ஓடிடும்.

இங்கதான் விஷயமே இருக்கு. இரும்பும் கால்சியமும் அதிகமா உறிஞ்சப்படுறது அந்த முன்சிறுகுடல்லதான். நம்ம கும்மிடிப்பூண்டி லோக்கல், பொன்னேரியில நிக்காம ஓடிட்டா பொன்னேரிக்காரங்க எப்படி ஏறுவாங்க? அதே கதைதான். பி12-க்கு வேற சிக்கல். அதைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போய் குடலோட கடைசியில சேர்க்கிறதுக்கு ஒரு புரதம் வேணும், அது இரைப்பையில சுரக்குறது. இரைப்பையையே வெட்டி எடுத்தாச்சுன்னா அந்தப் புரதம் எங்கிருந்து வரும்?

இது புதுசா கண்டுபிடிச்ச ஆபத்தும் இல்லை. அமெரிக்காவுல மின்னசோட்டாவுல 1954-லயே குடலை சுருக்கி இணைக்கிற ஆபரேஷன் பண்ணிப் பார்த்தாங்க. எடை குறைஞ்சது, கூடவே ஈரல் கெட்டுச்சு, சிறுநீரகக் கல்லு வந்துச்சு, சத்துக்குறைவு வந்துச்சு. கடைசியில அந்த முறையையே கைவிட்டுட்டாங்க. 1966-ல அயோவாவுல எட்வர்ட் மேசன் பண்ணினதுதான் இன்னைக்கு இருக்கிற பைபாஸுக்கு முன்னோடி. ஆக, "வெட்டினா சத்து குறையும்"ங்கறது அரை நூற்றாண்டுக்கு மேலான பாடம். தெரியலைன்னு யாரும் சொல்ல முடியாது.

மூணு கடிகாரம்

எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இதை இப்படி வெச்சுக்கலாம். ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கே உடம்புக்குள்ள மூணு கடிகாரம் ஓட ஆரம்பிக்குது.

முதல் கடிகாரம் வாரக் கணக்கு. அது தயமின், அதாவது பி1. உடம்புல இதோட கையிருப்பு ரெண்டு மூணு வாரத்துக்குதான். ஆபரேஷன் ஆன புதுசுல சிலருக்கு வாந்தி நிக்காது. "வயிறு பழகற வரைக்கும் அப்படித்தான்"னு வீட்ல சொல்லுவாங்க. வாந்தி தொடர்ந்து இருந்து, கூடவே பார்வை ரெண்டு ரெண்டா தெரியுது, நடை தள்ளாடுது, பேச்சு குழறுதுன்னா அது மூளையைத் தாக்குற தயமின் குறைவா இருக்கலாம். ஒரு நாள் கூட தள்ளக்கூடாது. இதுல இன்னொரு கண்ணி இருக்கு. வாந்தின்னு பக்கத்து கிளினிக் போனா நம்மூர்ல முதல்ல மாட்டுறது குளுக்கோஸ் பாட்டில். தயமின் குடுக்காம குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா, இருக்கிற கொஞ்ச தயமினும் செலவாகி நிலைமை மோசமாகும். அதனால "எனக்கு இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கு"ங்கற ஒரு வரியை அங்க முதல்ல சொல்லணும். அந்த ஒரு வரி உயிரைக் காப்பாத்தும்.

இந்தத் தயமினுக்கும் நம்ம மண்ணுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1920-கள்ல குன்னூர்ல ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய்ச்சி பண்ணினார். அந்த நாள் மெட்ராஸ் மாகாணத்துல, நமக்கு இன்னும் வடக்கே இருக்கிற ஆந்திரக் கடலோர மாவட்டங்கள்ல, தீட்டின பச்சரிசி சாப்பிட்டவங்களுக்கு பெரிபெரி இருந்துச்சு. புழுங்கலரிசி சாப்பிட்ட ஊர்கள்ல அது அவ்வளவா இல்லை. நெல்லை ஊற வெச்சு அவிக்கும்போது தவிட்டுல இருக்கிற தயமின் அரிசிக்குள்ள இறங்கிடும், அப்புறம் தீட்டினாலும் முழுசாப் போகாது. (அந்த குன்னூர் ஆய்வுக்கூடம்தான் 1958-ல ஹைதராபாத் போய் பின்னாடி தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆச்சு.) நம்ம பாட்டிங்க நெல்லு அவிச்சு விரட்டின நோயை, நாம லட்ச லட்சமா செலவு பண்ணி திரும்பக் கூட்டிக்கிட்டு வரலாமா?

ரெண்டாவது கடிகாரம் மாசக் கணக்கு. அது இரும்பு. மாதவிலக்கு வர்ற பெண்களுக்கு இது ரொம்ப வேகமா ஓடும். மூச்சு வாங்குறது, படபடப்பு, சோர்வு எல்லாத்துக்கும் "எடை குறைஞ்சதால வர்ற அசதி"ன்னு ஒரு பேர் வெச்சு ஒதுக்கிடுவாங்க.

மூணாவது கடிகாரம் வருஷக் கணக்கு. பி12-ம் எலும்பும். பி12 ஈரல்ல வருஷக்கணக்குக்கு சேமிப்புல இருக்கும். அதனால மாத்திரையை நிறுத்தினாலும் ஒண்ணும் ஆகாது... ரெண்டு மூணு வருஷத்துக்கு. "பார்த்தியா, நான் மாத்திரையே போடலை, நல்லாத்தானே இருக்கேன்"னு சொல்ற ஆளுங்க எல்லாம் சேமிப்புல வாழுறவங்க. பாஸ்புக்ல பேலன்ஸ் குறைஞ்சுக்கிட்டே இருக்கும், அவங்களுக்குத் தெரியாது.

எலும்பு விஷயம் இன்னும் நயவஞ்சகம். "ரத்தத்துல கால்சியம் பார்த்தேன், நார்மல்"னு ரிப்போர்ட் காட்டுவாங்க. நார்மலாத்தான் இருக்கும். ஏன்னா ரத்தத்துல குறைஞ்சா உடம்பு எலும்புல இருந்து எடுத்து நிரப்பிடும். அதைக் காட்டிக் குடுக்கிறது பாராதைராய்டு ஹார்மோன் டெஸ்டும் வைட்டமின் டி டெஸ்டும்தான். கால்சியம் மட்டும் பார்த்துட்டு நிம்மதியா இருக்கிறது, பொண்டாட்டி நகையை அடகு வெச்சு வாடகை குடுத்துட்டு "கடனே இல்லை"ன்னு சொல்ற மாதிரி.

எங்க அண்ணி கதை

எங்க சொந்தத்துல ஒரு அண்ணி. 2019-ல சென்னையில ஒரு தனியார் மருத்துவமனையில ஸ்லீவ் பண்ணிக்கிட்டாங்க. 108 கிலோ இருந்தவங்க ஒண்ணரை வருஷத்துல 74-க்கு வந்தாங்க. சர்க்கரை மாத்திரை பாதியாச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். டிஸ்சார்ஜ் சம்மரி ஆறு பக்கம், முழுக்க இங்கிலீஷ். கடைசிப் பக்கத்துல மல்டிவிட்டமின் தினம் ஒண்ணு, மூணு மாசம்னு ஒரு வரி. அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்கன்னு எங்கேயும் இல்லை. அடுத்த வருஷம் கொரோனா ஊரடங்கு வந்துச்சு, செக்கப் போறது நின்னுச்சு. மருத்துவமனையில இருந்தும் ஒரு போன் கிடையாது. (ஆபரேஷனுக்கு முன்னாடி வாரத்துக்கு ரெண்டு போன் வந்துச்சுங்க!)

2023-ல உள்ளங்கால் எரியுதுன்னாங்க. அப்புறம் மரத்துப் போச்சு. "தம்பி, செருப்பு கழண்டு விழுந்தது கூடத் தெரியாம வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கேன்"னு அவங்க சொன்னப்பதான் எங்களுக்கே உறைச்சது. சர்க்கரையால வர்ற நரம்பு வலின்னு ஆறு மாசம் அதுக்கு மாத்திரை. கடைசியில வேற ஒரு டாக்டர் வயித்துல இருந்த சின்னச் சின்னத் தழும்பைப் பார்த்துட்டு "இது என்னம்மா?"ன்னு கேட்டு, பி12 டெஸ்ட் எழுதினார். தரைமட்டம். ஊசி போட்டாங்க. எரிச்சல் போச்சு, மரப்பு முழுசா போகலை. நரம்பு விஷயத்துல லேட்டா வந்தா போனது போனதுதான்.

இதுல யாரும் வில்லன் இல்லை. ஆபரேஷன் சுத்தமாத்தான் நடந்துச்சு. ஒரு வரி தமிழ்ல எழுதிக் குடுத்திருந்தா, வருஷத்துக்கு ஒரு போன் பண்ணியிருந்தா, அவங்க கால் இன்னைக்கு அவங்க கிட்ட இருந்திருக்கும்.

பட்டையைத் திருப்பிப் படிங்க

"சத்து மாத்திரைதானே, மெடிக்கல்ல கேட்டா ஒரு பி காம்ப்ளக்ஸ் குடுப்பான்." இது அடுத்த ஆபத்து. பிரபலமான பி காம்ப்ளக்ஸ் மாத்திரைகளோட பட்டையைத் திருப்பிப் பாருங்க. பி12 15 மைக்ரோகிராம்னு இருக்கும். இந்த ஆபரேஷன் ஆனவங்களுக்கு அமெரிக்க பேரியாட்ரிக் சங்கத்தோட வழிகாட்டி சொல்றது வாய்வழியா தினம் 350-ல இருந்து 1000 மைக்ரோகிராம், இல்லேன்னா மாசம் 1000 மைக்ரோகிராம் ஊசி. ஏன் அவ்வளவுன்னா, அந்தக் கைப்பிடிச்சுக் கூட்டிப்போற புரதம் இல்லாம தானா உள்ள கசியறது நூத்துல ஒரு பங்குதான். 15 மைக்ரோகிராம் மாத்திரையை வெச்சு 350 வரணும்னா தினம் 20-க்கு மேல முழுங்கணும்.

கால்சியத்துலயும் இதே கூத்து. ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் நாளைக்கு 1200 - 1500 மில்லிகிராம் வேணும், சாப்பாட்டுல இருந்து வர்றதையும் சேர்த்து. பட்டையில "கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி."ன்னு இருந்தா அதுல நிஜமான கால்சியம் சுமார் 210 தான். கார்பனேட்னா நூத்துக்கு 40. கார்பனேட்டை சாப்பாட்டோட போட்டாதான் சேரும், அதுக்கு அமிலம் வேணும். சிட்ரேட் எப்ப வேணா போடலாம். அமிலம் குறைஞ்ச இரைப்பைக்கு சிட்ரேட் ஒத்துப்போகும்னு டாக்டருங்க சொல்றது அதனாலதான். ஒரே தடவையில 600-க்கு மேல போட்டா வீண், பிரிச்சுப் போடணும்.

இரும்பு, பெண்களுக்கும் பைபாஸ், ஸ்லீவ் ஆனவங்களுக்கும் 45 - 60 மில்லிகிராம். வைட்டமின் டி தினம் 3000 யூனிட், ரத்தத்துல 30-ஐத் தாண்டுற வரைக்கும். நம்மூர்ல வாரத்துக்கு ஒண்ணு 60,000 யூனிட் குடுப்பாங்க. அது வாரத்துக்கு ஒண்ணு சாமி! தினம் ஒண்ணுன்னு தப்பாப் புரிஞ்சு போட்டா ரத்தத்துல கால்சியம் ஏறி சிறுநீரகம் பாழாயிடும். சத்துதானேன்னு அலட்சியம் கூடாது.

அப்புறம் முடி. மூணாவது மாசத்துல இருந்து முடி கொட்டும், எடை வேகமா குறையும்போது வர்றது அது. பெரும்பாலும் தானா நிக்கும். ஆனா அந்தப் பயத்துல பயோட்டின் மிட்டாய்க்கு மாசம் ஆயிரக்கணக்குல செலவு பண்றவங்க, பத்து ரூபா பி12-ஐ மறந்துடறாங்க. பயோட்டின் அதிகமா சாப்பிட்டா தைராய்டு டெஸ்ட் கூட தப்பா காட்டும், ஞாபகம் வெச்சுக்கங்க.

"முருங்கைக்கீரை இருக்கே, மாத்திரை எதுக்கு?"

இந்தக் கேள்வி வராம இருக்காது. முருங்கைக்கீரை அருமையான கீரை, நானே ரசிகன். ஆனா ஒரு கப் சாப்பிட்டாலே திணறுற வயிறுக்குள்ள எவ்வளவு கீரை போகும்? போனதுல எவ்வளவு உறிஞ்சும்? முக்கியமா, பி12 எந்தக் கீரையிலயும் கிடையாது. பால், முட்டை, மீன், கறியிலதான்.

புரதமும் அப்படித்தான். நாளைக்கு 60 கிராமாவது வேணும்பாங்க. ஒரு இட்லியில சுமார் 2 கிராம். 30 இட்லி சாப்பிட்டா கணக்கு சரியாகும். :-) ஆக முட்டை, மீன், பயறு, சுண்டல், தயிர், பன்னீர் முதல்ல, சோறு கடைசியில. தட்டுல வரிசையையே மாத்தணும்.

"கால்சியம் போட்டா கல்லு வரும்"னு இன்னொரு குரூப். பைபாஸ் ஆனவங்களுக்கு ஆக்சலேட் கல்லு வர்ற வாய்ப்பு கூடுது, உண்மை. ஆனா சாப்பாட்டோட போடுற கால்சியம் குடல்லயே ஆக்சலேட்டைப் பிடிச்சு வெளியே தள்ளும். நிறுத்தினாதான் ஆபத்து.

ஷிப்ட்காரங்களுக்கு

ஆஸ்பத்திரியில குடுக்கிற அட்டவணை எல்லாம் ஒன்பது மணிக்கு ஆபீஸ் போறவனுக்கு எழுதினது. நம்ம சிப்காட்ல முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. நான் நண்பர் ஒருத்தருக்கு எழுதிக் குடுத்து, அவர் தன் டாக்டர்கிட்ட காட்டி சரி பார்த்த கணக்கு இது: காலை 5-க்கு இரும்பு, கொஞ்சம் எலுமிச்சைத் தண்ணியோட. 6:30-க்கு டீ. 8-க்கு கேன்டீன் டிபனோட கால்சியம். 11-க்கு சுண்டலோட மல்டிவிட்டமின். 2:30-க்கு சாப்பாட்டோட கால்சியம். ராத்திரி சாப்பாட்டோட மூணாவது கால்சியம். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது இருக்கணும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தடுக்கும். டீ, காபி இரும்பைக் கட்டிப் போடும். நைட் ஷிப்ட்னா மணியைப் பார்க்காதீங்க, எழுந்த நேரத்துல இருந்து இதே இடைவெளியை எண்ணிக்கங்க. அளவு அவங்கவங்க டாக்டர் சொல்றதுதான்.

ஃபர்னஸ் பக்கம், ரோலிங் மில்லுல வேலை பார்க்கிறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு தண்ணி. மடக் மடக்குன்னு ஒரு சொம்பு இறக்கிற காலம் போச்சு, வயிறு வாங்காது. பாட்டிலைக் கூடவே வெச்சு நாள் முழுக்க மிடறு மிடறா குடிக்கணும். ரெண்டு வலி மாத்திரை. ஷிப்ட் முடிஞ்சு உடம்பு வலின்னு மெடிக்கல்ல ஒரு டைக்ளோஃபெனாக் வாங்கி முழுங்குற பழக்கம் நம்ம ஏரியாவுல சகஜம். பைபாஸ் ஆனவங்களுக்கு அது இணைப்பு இடத்துல புண்ணைக் கொண்டு வரும். பீடி, சிகரெட்டும் அப்படியே. சரக்கு சீக்கிரமா ஏறும், பழைய அளவு செல்லாது.

மறைக்கிறது

இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். கல்யாணத்துக்கு முன்னாடி எடை குறையணும்னு பொண்ணுங்களுக்கு ஆபரேஷன் பண்றாங்க, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்றதில்லை. விளைவு என்ன? புகுந்த வீட்ல தினம் ஆறு மாத்திரை முழுங்கினா கேள்வி வரும்னு அந்தப் பொண்ணு நிறுத்திடுது. எடை குறைஞ்சா கர்ப்பம் தரிக்கிற வாய்ப்பு கூடும், அதுவும் சீக்கிரமா. ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் 12 - 18 மாசம் தள்ளிப் போடணும்னுதான் மருத்துவர்கள் சொல்றாங்க. அதுக்கு முன்னாடியே, இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் இல்லாத உடம்புல ஒரு குழந்தை தங்குச்சுன்னா? ஃபோலிக் அமிலம் மட்டும் குடுத்து பி12-ஐ விட்டுட்டா ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே இருக்கும். எடையை மறைக்க முடியாத சமூகத்துல ஆபரேஷனை மறைக்க வைக்கிறோம். வெக்கப்பட வேண்டியது அந்தப் பொண்ணு இல்லை.

காசு யார் தர்றது?

இப்ப என் முக்கியமான புகார். 2019-ல ஐஆர்டிஏஐ மருத்துவக் காப்பீட்டு விலக்குகளை எல்லா கம்பெனிக்கும் பொதுவா வகுத்துக் குடுத்துச்சு. உங்க பாலிசி புத்தகத்தை எடுத்து விலக்குகள் பக்கம் பாருங்க. 6-ம் எண், உடல் பருமன். பிஎம்ஐ 40-க்கு மேல, இல்லேன்னா 35-க்கு மேல கூடவே கட்டுக்கடங்காத சர்க்கரை மாதிரி கடுமையான நோய் இருந்தா, டாக்டர் பரிந்துரையோட ஆபரேஷனுக்குப் பணம் உண்டு. நல்ல விஷயம். அப்படியே கீழே வாங்க, 14-ம் எண். வைட்டமின், தாது உப்பு, உணவுச் சத்துப் பொருட்களுக்குப் பணம் கிடையாது, ஆஸ்பத்திரியில சேர்ந்திருக்கும்போது டாக்டர் எழுதினா தவிர.

ஆக, இரைப்பையை வெட்ட லட்சக்கணக்குல குடுப்பாங்க. வெட்டினதால வாழ்நாள் முழுக்கத் தேவைப்படுற மாத்திரைக்கு ஒரு ரூபா கிடையாது. சாதாரண ஆளுக்கு வைட்டமின் மாத்திரை விருப்பம்தான், ஒத்துக்கறேன். இரைப்பை இல்லாதவனுக்கு அது இன்சுலின் மாதிரி, மருந்து. விதியை எழுதினவங்க இந்த ரெண்டு எண்ணையும் சேர்த்து வெச்சுப் படிக்கலை போல.

நான் கேட்கிறது பெருசா ஒண்ணும் இல்லை. ஒண்ணு, ஆபரேஷன் பேக்கேஜ் விலையிலேயே அஞ்சு வருஷ ரத்தப் பரிசோதனையையும் சேர்க்கணும்: முதல் வருஷம் மூணாவது, ஆறாவது, பன்னெண்டாவது மாசம், அப்புறம் வருஷா வருஷம். ரெண்டு, தமிழ்ல ஒரு பக்க அட்டை: என்ன ஆபரேஷன், என்ன மாத்திரை, எத்தனை நாள் ("வாழ்நாள் முழுக்க"ன்னு பெரிய எழுத்துல), எந்த அறிகுறி வந்தா ஓடி வரணும். மூணு, டாக்டர் எழுதிக் குடுத்த அளவுக்காவது காப்பீடு மாத்திரைச் செலவை ஏத்துக்கணும். நாலு, கம்பெனி ஹெல்த் சென்டர்ல வருஷாந்திர செக்கப் அப்போ இவங்களுக்கு பி12-ம் ஃபெரிட்டினும் சேர்த்து எழுதணும். நம்ம திருவள்ளூர்லயே 2022-ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. இந்த மாவட்டத்துல ஆபரேஷன் ஆனவங்களைத் தொடர்ந்து கவனிக்க மாசம் ஒரு நாள் ஒரு புறநோயாளிப் பிரிவு அங்க நடத்தினா, சென்னைக்கு ரயில் ஏற சோம்பல்பட்டு விட்டுடறவங்க பாதிப் பேராவது வருவாங்க.

இன்னொரு வார்த்தை. 2025 மார்ச்ல மவுஞ்சாரோ, ஜூன்ல வீகோவின்னு எடை குறைக்கிற ஊசிகள் இந்தியாவுக்கு வந்தாச்சு. அதுல குடலை வெட்டறதில்லை, ஆனா பசி குறைஞ்சு சாப்பாடு பாதியாகும். பாதி சாப்பாட்டுல பாதிச் சத்துதானே? ஊசிக்காரங்களும் இந்தப் பதிவை முழுசா கடந்து போயிடாதீங்க.

உங்க வீட்ல, தெருவுல, ஆபீஸ்ல யாராவது இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க இருந்தா, "எவ்வளவு கிலோ குறைஞ்சீங்க?"ன்னு கேட்கிறதை விட்டுட்டு "கடைசியா பி12 எப்ப பார்த்தீங்க?"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. முழிச்சாங்கன்னா, இந்தப் பக்கத்தைக் காட்டுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மேல இருக்கிற அளவெல்லாம் பொதுவான வழிகாட்டி, உங்க ரத்தப் பரிசோதனையைப் பார்த்து உங்க டாக்டர் சொல்றதுதான் உங்க அளவு. பதிவுலக டாக்டர்கள் யாராச்சும் வந்து கூடுதலா ரெண்டு வரி எழுதினா ரொம்ப நன்றியா இருக்கும். கும்மி அடிக்கிறவங்க தயவு செஞ்சு அடுத்த பதிவுக்கு வாங்க, அது மொக்கைதான், உத்தரவாதம் :-)